அரை மில்லிமீட்டர் வெண்துகள்

கட்டைவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைத் தூள் உலர்ந்து கிடக்கிறது. மேலே ஒட்டிய தாளில் 355–500 மைக்ரான் என்று அளவு போட்டிருக்கிறது. அதாவது எந்தத் துகளும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. மருந்து என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அது கிருமியைக் கொல்லாது, வலியைப் போக்காது. பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்கின் நுரையை உலர்த்தி, பொடித்து, சலித்து எடுத்த தூள் அது. ஆனால் நுரையீரலிலிருந்து ரத்தம் பொங்கி மூச்சு முட்டுகிற ஒருவரை, நெஞ்சைப் பிளக்காமல், பெரும்பாலும் முழு மயக்கம்கூடக் கொடுக்காமல், அந்தத் தூள் காப்பாற்றிவிடுகிறது. தொடை இடுக்கில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தால் போதும்.

இந்தத் துகள் பிறந்த இடம் மருத்துவமனை அல்ல. 1924-ல் ஜெர்மனியில் வில்லி ஹெர்மன், வோல்ஃப்ராம் ஹேனல் என்ற இரு வேதியியலாளர்கள் பாலிவினைல் ஆல்கஹாலை முதன்முதலாக உருவாக்கினார்கள். தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் என்பதுதான் அதன் புதுமை. பிறகு அது உலகெங்கும் தறிக்கூடங்களுக்குள் போயிற்று. பாவு நூல் அறுந்து போகாமலிருக்கப் போடும் கஞ்சியில் இன்றும் அது கலக்கப்படுகிறது. கண் வறட்சிக்கு டாக்டர் எழுதித் தரும் சில சொட்டு மருந்துகளில் இருப்பதும் இதே பொருள்தான். நம் வீடுகளுக்குள் அது என்றோ வந்துவிட்டது.

அதை ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துப் பதப்படுத்தினால் தண்ணீரில் கரையாத பஞ்சாக மாறிவிடும். ஐவலான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தப் பஞ்சைக் கொண்டு 1949-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிரிண்ட்லே, கிளாகெட் என்ற மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோயுற்ற நுரையீரலை வெட்டியெடுத்த பிறகு நெஞ்சுக்குள் உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப இது உதவுமா என்று பார்த்தார்கள். பின்னாளில் நுரையீரலை வெட்டாமலே காப்பாற்றப்போகும் பொருள், அன்று வெட்டிய நுரையீரலின் இடத்தை நிரப்ப வந்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு அதுவே இயல்பு. ரத்தமாக இருமுகிறவருக்கு மருத்துவம் தரக்கூடியதாக இருந்தவை ஓய்வு, நல்ல காற்று, விலா எலும்புகளை நீக்கி நுரையீரலைச் சுருங்கச் செய்யும் அறுவை, அல்லது ஒரு பக்க நுரையீரலையே எடுத்துவிடுவது. நம் புதுமைப்பித்தன் காசநோயால் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம், உலகத்தில் ஒரு சிகிச்சை இருப்பதற்கும் அது நம் ஊர்க்காரரின் படுக்கைக்கு வந்து சேர்வதற்கும் இடையிலுள்ள தூரம் என்னை வருத்துகிறது. துகளின் கதையும் அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

துகள் இருந்தால் மட்டும் போதாது, அது போக ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையை முதலில் திறந்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர். 1929-ல் எபர்ஸ்வால்டே என்ற சிறிய ஊரின் மருத்துவமனையில், மேலதிகாரி கூடாது என்று தடுத்தும் கேளாமல், சிறுநீர்ப் பாதைக்கான மெல்லிய ரப்பர் குழாயைத் தன் கை நரம்பு வழியாகவே நுழைத்து இதயம் வரை தள்ளினார். குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படமும் எடுத்துக்கொண்டார். 27 ஆண்டுகள் கழித்து, 1956-ல், அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இடையில் 1953-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்வென் இவார் செல்டிங்கர் ஓர் எளிய வழியைக் கண்டார். ஊசியால் தமனியைத் துளைத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயை ஏற்றுவது. தமனியைக் கத்தியால் திறக்கும் வேலை அத்தோடு போயிற்று. இதய ஆஞ்சியோவுக்கும் இன்றுவரை அதே முறைதான்.

பாதை கிடைத்த பிறகு துகளை அதில் அனுப்பிப் பார்த்தது மின்னசோட்டா பல்கலைக்கழகம். தடவர்த்தி, மோலர், ஆம்ப்ளாட்ஸ் ஆகிய மூவரும் 1975-ல், ஐவலானை ரத்தக்குழாய் அடைக்கும் பொருளாகப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். மூவரில் முதல் பெயர் தெலுங்குப் பெயர் என்பதைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் நுரையீரலின் ரத்தப்போக்குக்கு இந்த வழியைத் திறந்த ஊர் லில். வட பிரான்சின் நிலக்கரிப் பகுதியை ஒட்டிய நகரம். 1906-ல் கூரியேர் சுரங்க விபத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது அந்தப் பகுதியில்தான். கரித்தூசும் காசநோயும் சேர்ந்து அரித்த நெஞ்சுகளை நன்றாக அறிந்த மண். அங்கே ழாக் ரெமி என்ற கதிரியல் நிபுணர், ரத்தமாக இருமும் நோயாளிகளின் மூச்சுக்குழாய்த் தமனிக்குள் குழாயைச் செலுத்தி அதை அடைக்கும் முறையை 1973-ல் வெளியிட்டார். 1977-ல் அவரும் சகாக்களும் 104 நோயாளிகளின் விவரத்தைத் தந்தார்கள். ரத்தம் வந்துகொண்டிருக்கும்போதே சிகிச்சை பெற்ற 49 பேரில் 41 பேருக்கு உடனே நின்றது. அந்தத் தொடக்க காலத்தில் சில வாரங்களில் கரைந்துவிடும் ஜெலட்டின் பஞ்சு அதிகம் பயன்பட்டது. விலை குறைவு என்பதால் நம் நாட்டில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கரையாத பாலிவினைல் துகள் பிறகு வந்து முன்னுக்கு நின்றது.

லில்லுக்கும் தமிழ்நாட்டுக்கும் இதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. கால்மெட்டும் கெரானும் பி.சி.ஜி. தடுப்பூசியை உருவாக்கியது லில் நகரத்தின் பாஸ்டர் நிறுவனத்தில். அது 1921-ல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் அந்தத் தடுப்பூசியைத் தயாரிக்கும் கூடம் 1948-ல் கிண்டியில் அமைந்தது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் அது சோதிக்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு 1979-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1959-ல், சென்னைக் காசநோய் ஆய்வு மையம் இன்னொன்றை நிரூபித்திருந்தது. சானட்டோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் காசநோய் குணமாகும். உலகம் முழுவதும் சானட்டோரியங்களின் காலம் முடிந்ததில் அந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. குணமானவர்கள் லட்சக்கணக்கில் வீடு திரும்பினார்கள். நோய் போன பிறகும் நுரையீரலில் தழும்புகளும் பொந்துகளும் மட்டும் தங்கிவிட்டன. வெண்துகளுக்கு நம் நாட்டில் வேலை வைத்திருப்பவை பெரும்பாலும் அந்தப் பழைய தழும்புகளே.

பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் "டி.பி. இருந்துச்சு, மாத்திரை சாப்பிட்டு சரியாயிடுச்சு" என்று சொல்கிறவர்தான் ஒருநாள் திடீரென்று ரத்தமாக இருமுகிறார். தழும்பால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து போயிருக்கலாம். பொந்துக்குள் பூஞ்சை உருண்டையாக வளர்ந்திருக்கலாம். நோய் மறுபடி கிளம்பியிருக்கலாம். காசமே வராதவருக்குப் புற்றுநோயும் காரணமாகலாம்.

நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து வரும் நுரையீரல் தமனி, உடம்பின் மொத்த ரத்தத்தையும் காற்றேற்றுவதற்காகக் கொண்டுவருகிறது. அதில் அழுத்தம் குறைவு. இன்னொன்று மூச்சுக்குழாய்த் தமனி, பெருந்தமனியிலிருந்து நேராகக் கிளைப்பது. அது மூச்சுக்குழாய்களின் சுவருக்கு உணவு கொடுக்க வந்த சின்னக் கிளை. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே அதில் போகும். ஆனால் பெருந்தமனியின் முழு அழுத்தமும் அதில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடிக்கும்போது அந்தச் சின்னக் கிளை பருத்து, முறுக்கிக்கொண்டு, மெல்லிய சுவருடைய புதுக் கிளைகளை விடுகிறது. அவற்றில் ஒன்று வெடித்தால் பெருந்தமனியின் அழுத்தத்தோடு ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் பாய்கிறது. ஆபத்தான ரத்தப்போக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்தத் தமனியிலிருந்து வருபவை.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்ட நாளிலிருந்து, பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தடையாக நின்றது அதன் அடியிலிருந்த தண்ணீர். கரிப்படுகைக்குக் கீழே உள்ள ஊற்று, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவைத்தால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பொங்கிவிடும். பொங்கும் இடத்தில் மண்ணைக் கொட்டி அதை அடக்க முடியாது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்து, ஊற்றின் அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் கரியைத் தொட முடிந்தது. 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த சுரங்கம் 1961-ல் கரியைக் கண்டது அந்த உழைப்பினால். நெஞ்சுக்குள்ளும் கணக்கு அதுவே. வெடித்த இடத்தைத் தேடி அடைக்க வேண்டியதில்லை, அதற்கு அழுத்தம் தரும் வழியை மேலேயே தணித்தால் போதும்.

இங்கே துகளை விட்டுவிட்டு, அது போய்ச் சேர வேண்டிய மனிதரிடம் வருவோம். நெய்வேலி டவுன்ஷிப்பின் ஏதோ ஒரு வட்டத்திலோ, மந்தாரக்குப்பத்திலோ, முந்திரிக்காட்டு ஊர் ஒன்றிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சளியில் கீற்றாக வரும். மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, என்ன இது, ரத்தமா?" என்றால், "ஒண்ணுமில்லம்மா, வெத்தலக் காவி" என்று வாயைத் துடைத்துக்கொள்வார். காசநோய் என்று ஊர் பேசுமே என்ற பயம் ஒருபுறம், ஒப்பந்த வேலையில் ஒருநாள் கூலி போகுமே என்ற கவலை மறுபுறம். இந்த மறைப்பில் போகும் நாட்கள்தான் துகளுக்கும் அவருக்கும் இடையிலான மிக நீண்ட தூரம். லில்லிலிருந்து இங்கே வருவதற்குக்கூட அவ்வளவு தடை இருந்ததில்லை.

பிறகு ஒரு நள்ளிரவில் டம்ளர் கணக்கில் கொட்டும். இதில் சாவு வருவது ரத்தம் குறைந்ததால் அல்ல. நம் மூச்சுக்குழாய்களின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 150 மில்லிதான். அதை நிரப்பிவிட்டால் உடம்பில் எத்தனை லிட்டர் ரத்தம் மிச்சமிருந்தும் பயனில்லை, மனிதர் தன் ரத்தத்திலேயே மூழ்கிப் போகிறார். அதனால் எந்தப் பக்க நுரையீரல் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நல்ல பக்கமாவது மூச்சு விடட்டும். முதலில் சேரும் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைப்பார்கள், டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பார்கள். ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் 1962-ல் உலகுக்குத் தந்த மருந்து அது. உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தாங்கி, நமக்குச் சில மணி நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, எந்தத் தமனி பருத்திருக்கிறது, எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிட்டால் மேற்கொண்டு நடப்பது வேகமாகும்.

அங்கிருந்து பண்ருட்டி வழியாகவோ கடலூர் வழியாகவோ புதுச்சேரிக்கு ஆம்புலன்ஸ் ஓட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-ல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற மருத்துவமனை அங்கே இருக்கிறது. இல்லையென்றால் வேலூர் அல்லது சென்னை.

இனி குப்பி திறக்கப்படும்.

மேஜையில் படுத்திருப்பவருக்குத் தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. செல்டிங்கர் காட்டிய வழியில் ஊசி, கம்பி, குழாய். ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள அந்தக் குழாய் பெருந்தமனிக்குள் ஏறி, வயிற்றைத் தாண்டி, நெஞ்சுக்கு வருகிறது. முதுகெலும்பில் ஐந்தாவது, ஆறாவது நெஞ்சு முள்ளெலும்புகளின் உயரம், எக்ஸ்ரேயில் இடது மூச்சுக்கிளை பெருந்தமனியின் மேல் கடக்கும் இடம், அங்கேதான் பெரும்பாலானோருக்கு மூச்சுக்குழாய்த் தமனி பிறக்கிறது. குழாயின் வளைந்த நுனியால் பெருந்தமனியின் சுவரை மெல்ல வருடிக்கொண்டே போக, ஓரிடத்தில் நுனி மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் அயோடின் சாயம் செலுத்தினால் திரையில் கருமையாக ஒரு கொடி விரிகிறது. நோயாளிக்கு நெஞ்சுக்குள் சூடு பரவும், இருமல் வரலாம். அந்த இருமலையும் அடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும் அவருடைய பொறுமைக்கு இந்தச் சிகிச்சையில் பெரும் பங்கு உண்டு.

இங்கேதான் நிபுணர் நிதானிக்க வேண்டும். தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுக்கும் மெல்லிய தமனிகள் சிலருக்கு இதே கிளையிலிருந்து பிரிகின்றன. திரையில் அது கொண்டை ஊசி வளைவாகத் தெரியும். அதற்குள் ஒரு சிட்டிகைத் துகள் போனாலும் கால்கள் இரண்டும் செயலிழக்கும் அபாயம் உண்டு. அதனால் பெரிய குழாய்க்குள்ளேயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாயை விட்டு, தண்டுவடக் கிளையைத் தாண்டிப் போய் நின்றுகொள்கிறார்கள். தாண்ட வழியில்லை என்றால் துணிந்து அடைப்பதில்லை, நிறுத்திவிட்டு வேறு வழி யோசிக்கிறார்கள். திறமைசாலியின் கை எங்கே நிற்கிறது என்பதில் எனக்கு அவர் மேல் மதிப்பு கூடுகிறது.

துகளின் அளவு ஏன் 355-க்குக் கீழே போவதில்லை என்பதற்கும் இங்கே காரணம் இருக்கிறது. மூச்சுக்குழாய்த் தமனிக்கும் நுரையீரல் நாளங்களுக்கும் இடையே இயற்கையிலேயே நுண்ணிய இணைப்புகள் உண்டு. அவற்றில் 325 மைக்ரான் வரை அகலமானவையும் இருக்கின்றன. அதைவிடச் சிறிய துகள் அந்தப் பக்கம் கசிந்து இதயத்தின் இடப்புறம் சேர்ந்து மூளைக்கே போய்விடக்கூடும். மிகப் பெரியதாக இருந்தால் வாசலிலேயே அடைத்துக்கொள்ளும், பின்னால் வேறு கிளை வழியே ரத்தம் புகுந்துவிடும். உலோகச் சுருளை வாசலில் வைத்து அடைக்கப் பெரும்பாலும் தயங்குவதும் இதனால்தான். நாளை மறுபடி ரத்தம் வந்தால் உள்ளே போக வாசல் வேண்டும்.

சாயமும் உப்புநீரும் கலந்த கரைசலில் துகள்கள் மிதக்கின்றன. சின்ன ஊசிக்குழலால், சொட்டுச் சொட்டாக, அழுத்தாமல். அழுத்தினால் பின்னோக்கி வழிந்து பெருந்தமனிக்குள் விழுந்துவிடும். துகளை எக்ஸ்ரே காட்டாது. அதைச் சுமந்து போகும் சாயத்தின் ஓட்டத்தை மட்டும் பார்க்க முடியும். முதலில் விரைந்தோடுகிறது, பிறகு தயங்குகிறது, கொடியின் நுனிகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைகின்றன. கடைசியில் சாயம் நகராமல் நிற்கிறது. அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. குழாயை உருவி, துளையைக் கையால் அழுத்திப் பிடித்து, காலை மடக்காமல் சில மணி நேரம் படுக்க வைப்பார்கள். நெஞ்சு வலி, லேசான காய்ச்சல், விழுங்கும்போது சிரமம் ஆகியவை சில நாட்கள் இருக்கலாம். தையல் கிடையாது.

துகள் அங்கேயே தங்கிவிடுகிறது. சுற்றிலும் ரத்தம் உறைந்து, திசு வளர்ந்து அதை மூடுகிறது. ஆனால் அது நோயைத் தீர்த்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்தில் ஏழு முதல் ஏறக்குறைய பத்துப் பேருக்கும் ரத்தம் உடனே நிற்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஆய்வுகளில் பத்தில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை பின்னாளில் மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். பூஞ்சை உருண்டை உள்ளவர்களுக்கு அது அதிகம். காசக்கிருமி இருந்தால் மாத்திரையை முழுக்காலமும் சாப்பிட வேண்டும். பூஞ்சை உருண்டை என்றால் உடம்பு தேறிய பின் அறுவை தேவைப்படலாம். ரத்தம் கொட்டும் இரவில் அவசரமாக நெஞ்சைத் திறப்பதற்கும், ரத்தம் நின்று உடம்பு தேறிய பிறகு நாள் குறித்து அறுவை செய்வதற்கும் உயிர் தப்பும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. துகள் வாங்கிக் கொடுப்பது அந்த அவகாசத்தை. நின்றுவிட்டதே என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பது அந்த அவகாசத்தை வீணாக்குவது.

நெய்வேலி வாசகர்களிடமும் எல்லா ஊர்க்காரர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். சளியில் ஒரு கீற்று ரத்தம் கண்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதிகமாக வந்தால் 108-ஐ அழையுங்கள். பழைய எக்ஸ்ரே, டி.பி. சிகிச்சைச் சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் வைத்திருங்கள். ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை எங்கே செய்கிறார்கள் என்று முதலில் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இதய ஆஞ்சியோவுக்காக மாவட்டங்களில் அமைக்கப்பட்டுவரும் கேத் லேப்களில் உள்ள மேஜையும் எக்ஸ்ரேயும் இந்தச் சிகிச்சைக்கும் போதும். கூடுதலாக வேண்டியது பயிற்சி பெற்ற ஒரு கதிரியல் நிபுணரும், அலமாரியில் சில குப்பிகளும். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அந்தப் பணியிடத்தை உருவாக்குங்கள்.